உப்பு பூத்து நீலமாகும் கண்: எகிப்திய ஃபேயான்ஸ் தாயத்து செய்வது எப்படி?

எகிப்திய ஃபேயான்ஸ் என்கிற பளபளக்கும் நீலப் பொருளைச் செய்ய உட்காருகிறவர்கள் முதலில் களிமண் பழக்கத்தைக் கழற்றி வைக்க வேண்டும். இது மண்பாண்டமே இல்லை. பழைய எகிப்தியர் பிசைந்த கலவையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் பொடித்த குவார்ட்ஸ் என்ற படிகக்கல்தான். மீதி, கொஞ்சம் சுண்ணாம்பு, கொஞ்சம் சோடா உப்பு, நீலத்துக்குத் துளி செம்பு. சக்கரத்தில் ஏறாது, இழுத்தால் நீளாது, வளைத்தால் வெடிக்கும். அழுத்தினால் கொஞ்சம் இளகும், விட்டால் விறைத்துக்கொள்ளும். சட்டி பானை செய்து கைதேர்ந்தவர்கள்தான் இதில் முதலில் எரிச்சலாவார்கள்.

நான் பள்ளியில் வேதியியல் எடுத்தவள். ஓய்வுக்குப் பிறகு வீட்டின் பின்பக்கம் ஒரு சின்ன மின்சூளை வைத்துக்கொண்டு, ஆர்வமுள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டீச்சர், இதுக்கு கிளேஸ் எப்ப பூசணும்?" பூசவே வேண்டாம். கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு உள்ளேதான் இருக்கிறது. அது தானாக வெளியே வரும். நாம் செய்ய வேண்டியது அதற்கு வழிவிடுவது மட்டும்.

கடலோர ஊர்களில் வீட்டுச் சுவரில் உப்பு பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வரும்போது கரைந்த உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. ஈரம் காற்றோடு போய்விடும், உப்பு மேலேயே தங்கிவிடும். ஃபேயான்ஸில் நடப்பது அச்சு அசல் அதே காரியம். கலவையில் கரைந்திருக்கும் சோடா, பொருள் காயக் காய மேற்பரப்புக்கு வந்து வெள்ளைப் பொருக்காகப் படியும். சூளையில் அந்தப் பொருக்கு உருகி, கூட வந்த செம்பையும் அடியிலிருக்கும் குவார்ட்ஸையும் சேர்த்துக்கொண்டு நீலக் கண்ணாடியாகிவிடும். ஆக, இந்த வேலையின் உயிர் காயவைப்பதில் இருக்கிறது. கலப்பதும் அச்சில் அழுத்துவதும் சுடுவதும் முக்கியத்துவத்தில் அதற்கு அடுத்துதான். இந்தக் கட்டுரையிலும் காயவைப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

என்ன செய்யலாம்? முதல் முயற்சிக்கு வெஜாத் கண். எதிரித் தெய்வம் சேத்துடன் நடந்த சண்டையில் பருந்துத் தலைத் தெய்வமான ஹோரஸ் இழந்த கண்ணை, ஞானத் தெய்வமான தோத் சரிசெய்து திருப்பித் தந்ததாகக் கதை. சிதைந்தது முழுமையாகத் திரும்பியதால் உயிரோடு இருக்கிறவர்களும் அணிந்தார்கள், இறந்தவர் உடலைச் சுற்றிய துணிக்குள்ளும் வைத்தார்கள். மனிதக் கண், மேலே புருவம், கீழே பருந்தின் கன்னத்துக் கோடு ஒன்று நேராக இறங்கும், இன்னொன்று சாய்வாகப் போய்ச் சுருளும். கோடுகள் தெளிவு, முதுகு தட்டை, மெல்லிய கை கால் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. அதனால்தான் தொடக்கக்காரர்களுக்கு இதைச் சொல்கிறேன். பிரசவத்தில் காக்கிற நீர்யானைத் தெய்வம் தவேரெத், நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் குள்ளத் தெய்வம் பேஸ் எல்லாம் அழகுதான். ஆனால் கை பழகட்டும்.

எகிப்திய மன்னர் அகநாத்தன் தன் புதுத் தலைநகரமான அமர்னாவில் ஏடன் என்ற சூரிய வட்டு ஒன்றே தெய்வம் என்று பிடிவாதமாக நின்றவர். அதே ஊரின் சாதாரண வீடுகளிலிருந்து பேஸும் தவேரெத்தும் வெஜாத் கண்ணும் கிடைத்திருக்கின்றன. அரசர் என்ன சொன்னாலும் பிள்ளை பெறப்போகிற பெண்ணின் கழுத்தில் எது தொங்க வேண்டும் என்பதை வீடுதான் முடிவு செய்திருக்கிறது.

அச்சு செய்யும் முறைக்கும் அமர்னாதான் நமக்கு ஆசான். தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1891-92இல் அங்கே தோண்டியபோது, சுட்ட களிமண்ணாலான சின்னச் சின்ன அச்சுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. (அந்தப் பருவத்தில் அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பையன்தான், பின்னாளில் துத்தன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர்.) அச்சுகள் எல்லாம் ஒருபக்க அச்சுகள். ஒரு களிமண் உருண்டையைத் தட்டி, அதில் மாதிரி உருவை அழுத்தி எடுத்து, காயவைத்துச் சுட்டுவிட்டார்கள். சில அச்சுகளின் குழிக்குள் ஃபேயான்ஸ் பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நீங்களும் அதையே செய்யுங்கள். மெழுகிலோ பிளாஸ்டிசினிலோ 3 செ.மீ. நீளத்துக்குக் கண்ணைச் செதுக்குங்கள். கோடுகள் ஆழமாக இருக்கட்டும். கிளேஸ் உருகும்போது மெல்லிய கோடுகளை நிரப்பி மறைத்துவிடும். ஓரங்கள் வெளிப்பக்கம் சரிய வேண்டும், இல்லாவிட்டால் அச்சிலிருந்து கழலாது. அதைச் சாதாரணக் களிமண்ணில் அழுத்தி எடுத்து, நன்றாகக் காயவைத்து, சூளையில் ஒருமுறை சுட்டால் அச்சு தயார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு சுலபம்தான், ஆனால் அது ஈரத்தை வேகமாக உறிஞ்சும். ஈரத்தோடு சோடாவும் அச்சுக்குள் போய்விடும், முகப்பில் வரவேண்டிய கிளேஸ் குறைந்துபோகும். சில தடவைக்குப் பிறகு அச்சே பொரிந்து உதிரத் தொடங்கும். சுட்ட மண் அச்சுதான் உத்தமம்.

இனி கலவை. பழைய முறைப்படி வெறும் குவார்ட்ஸை வைத்துச் செய்வது கல்லில் நார் உரிக்கும் வேலை. கைக்கு அடங்குவதற்காக இன்றைய கைவினைஞர்கள் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமப் பொடியும் கொஞ்சம் களிமண்ணும் சேர்க்கிறார்கள். பரவலாகப் புழங்கும் அளவு இது, நானும் இதைத்தான் பயன்படுத்துகிறேன்:

சோடா ஃபெல்ட்ஸ்பார் – 39 கிராம்
குவார்ட்ஸ் பொடி (200 மெஷ் சல்லடையில் சலித்தது) – 37 கிராம்
சைனா கிளே – 6 கிராம்
பால் கிளே (ball clay) – 6 கிராம்
சோடா ஆஷ் (நீரில்லாச் சோடியம் கார்பனேட்) – 6 கிராம்
சமையல் சோடா – 6 கிராம்
இந்த நூறு கிராமுக்கு மேல் காப்பர் கார்பனேட் – 3 கிராம்

கையில் இருப்பது காப்பர் கார்பனேட் அல்ல, கறுப்புக் காப்பர் ஆக்சைடு என்றால் 2 கிராம் போதும். சோடா ஆஷுக்குப் பதில் சலவைச் சோடாப் படிகத்தைப் போடாதீர்கள். அதில் பாதிக்கு மேல் தண்ணீர், கணக்கு தப்பிவிடும். எகிப்தியருக்கு சோடா வந்தது வாடி நட்ரூன் போன்ற இடங்களில் கிடைத்த நேட்ரான் என்ற இயற்கைச் சோடா உப்பிலிருந்தும், உப்புத் தாவரங்களை எரித்த சாம்பலிலிருந்தும். பிணத்தைப் பதப்படுத்த உலர்த்தியதும் அதே நேட்ரான்தான்.

செம்பு எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு சுவையான தடயம் உண்டு. புதிய அரசுக் காலத்து (கி.மு. 1550-1070 வாக்கில்) பொருள்கள் பலவற்றின் கிளேஸில் செம்போடு வெள்ளீயமும் இருக்கிறது. வெண்கலப் பட்டறையின் கழிவையோ அரத்தூளையோ அள்ளி வந்து போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கோபால்ட் நீலத்துக்கு மேற்குப் பாலைவனத்துச் சோலைகளான கார்கா, தாக்லா வரை போக வேண்டியிருந்தது. மஞ்சளுக்கு ஈயமும் ஆன்டிமனியும் சேர்ந்த பொருள். அந்த வம்பு நமக்கு வேண்டாம்.

பொடிகளைத் தொடுவதற்கு முன் என்95 முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். சாதாரணத் துணி முகமூடி பத்தாது. குவார்ட்ஸ் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது, சிலிகோசிஸ் வந்துவிட்டால் குணமாக்க மருந்து இல்லை. மின்விசிறியை நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் துடைப்பம் போடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். சோடா தோலை அரிக்கும், கையுறை கட்டாயம். இதில் மட்டும் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை, முகமூடி இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சோடாவை முதலில் தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இருக்கிற தண்ணீர் சுமார் 20 மில்லிதான். 12 கிராம் சோடாவும் அதில் கரையாது. ஆகவே கட்டிகளை நசுக்கிச் சலித்து, மற்றப் பொடிகளோடு உலர்வாகவே மூடிய டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். தூசி அடங்கிய பிறகு திறந்து, தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டுப் பிசையுங்கள். உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும், அழுத்தினால் ஓரம் லேசாக வெடிக்கலாம். கையில் பளபளவென்று ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது. பிளாஸ்டிக் பையில் சுற்றி அரைமணி வையுங்கள். மிச்சம் வைத்து அடுத்த வாரம் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம், உள்ளுக்குள்ளேயே இறுகிவிடும். அன்றைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

அச்சின் குழியில் குவார்ட்ஸ் பொடியை மெல்லியதாகத் தூவித் தட்டிவிடுங்கள். கலவையைக் குழியின் அளவுக்கு உருட்டி, ஒரே அழுத்தாக உள்ளே தள்ளுங்கள். இரண்டு மூன்று துண்டாக வைத்து ஒட்டவைத்தால் சுடும்போது அந்த இணைப்பிலேயே விரியும். முதுகைக் கத்தியால் சமன் செய்து, உடனே அச்சைத் தலைகீழாகப் பிடித்து லேசாகத் தட்டினால் விழுந்துவிடும். அச்சுக்குள்ளேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். நேரம் ஆக ஆகச் சோடா அச்சுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்து, துளை. வெஜாத் தாயத்துகளில் பெரும்பாலும் நீளவாக்கில், ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகும். அமர்னாவின் பூ, திராட்சைத் தொங்கல்களில் வேறு வழி: தனியாகச் செய்த சின்ன வளையத்தை அதே பசையால் மேலும் கீழும் ஒட்டியிருக்கிறார்கள். எகிப்தியர் துளைக்கும் குழல் மணிக்கும் புல் தண்டு போன்ற எரிந்துபோகும் பொருளைச் சுற்றிக் கலவையை வைத்தார்கள். நாம் எண்ணெய் தொட்ட எஃகுக் கம்பியைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே விடலாம். 2 மி.மீ. துளை என்று திட்டமிட்டால் 3 மி.மீ.க்கே போடுங்கள், கிளேஸ் உருகி உள்பக்கம் சுருக்கும். சக்காராவில் ஜோசர் மன்னரின் படிப் பிரமிடுக்கு அடியில் சுவர்களை மூடியிருந்த 36,000 நீல ஓடுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு புடைப்பு, அந்தப் புடைப்பில் துளை. நாலாயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன்பே அத்தனை ஓட்டிலும் சலிக்காமல் துளை போட்டிருக்கிறார்கள். நமக்கு ஒரு தாயத்துக்கு அலுத்துக்கொள்ள உரிமை இல்லை.

கறுப்புக் கோடு வேண்டுமானால் இப்போதே வரையுங்கள். துளி மாங்கனீஸ் டையாக்சைடைக் கொஞ்சம் கலவைப் பசையிலும் தண்ணீரிலும் குழைத்து, மெல்லிய தூரிகையால் புருவத்தையும் கண்மணியையும் தீட்டலாம். நியூயார்க் மெட்ரோபொலிடன் அருங்காட்சியகத்தில் 'வில்லியம்' என்று செல்லப்பெயர் பெற்ற நீல நீர்யானையின் உடம்பில் தாமரைக் கொடிகள் வரைந்திருக்கிறதே, அந்தக் கறுப்பு இதுதான். உப்பு பூத்த பிறகு வரைய நினைத்தால், தூரிகை பொருக்கைக் கலைத்துவிடும்.

இப்போது காயவைத்தல். அச்சிலிருந்து எடுத்த முதல் அரைமணி நேரம் கை படலாம், சோடா இன்னும் மேலே வரவில்லை. அந்த நேரத்துக்குள் பொருள் கொஞ்சம் விறைத்ததும், சூடு தாங்கும் நிக்ரோம் கம்பி ஒன்றைத் துளையில் தளர்வாகக் கோத்து, இரண்டு செங்கல் துண்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டுவிடுங்கள். அதே கம்பியோடு காயட்டும், அதே கம்பியோடு சூளைக்குள் போகட்டும். பலகையில் கிடத்திக் காயவைத்தால் பலகையைத் தொடும் பக்கத்தில் ஈரம் வெளியேற வழியில்லை, அங்கே உப்பு பூக்காது, கிளேஸும் வராது. தட்டையான முதுகு தெரியப்போவதில்லை என்றால் பரவாயில்லை, கிடத்தியே காயவைக்கலாம். எகிப்தியரும் பல சமயம் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள்.

காற்று நாலு பக்கமும் ஒரேபோல் பட வேண்டும். ஜன்னலோரம் வைத்தால் ஜன்னல் பக்கம் மட்டும் தடிமனாகப் பூக்கும். வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். களிமண் பாத்திரத்தை மூடிவைத்து மெதுவாக உலர்த்துவோம், இதற்கு அந்த வழக்கமும் ஆகாது. மூடினால் ஆவியாதல் நின்றுவிடும், சோடா உள்ளேயே தங்கிவிடும். திறந்த இடம், நிழல், அடித்து வீசாத காற்று. உலர்ந்த நாள்களில் இரண்டு நாளில் வேலை முடியும். மழைக்காலத்தில் சோடா காற்றிலிருந்தே ஈரத்தை வாங்கிக்கொள்ளும், முடிந்தால் அந்த மாதங்களில் இதைத் தொடாதீர்கள்.

முதல் நாள் மாலை பார்த்தால் ஓரங்களில்தான் முதலில் வெண்மை தெரியும். புருவத்தின் மேல்விளிம்பு, கன்னச் சுருளின் வெளிவளைவு இங்கெல்லாம் ஆவியாதல் அதிகம். மறுநாள் கண்மணியின் மேடும் வெளுக்கும். கோடுகளின் பள்ளம் கடைசி. முழுதும் காய்ந்ததும் வெளிறிய பச்சை உடம்பின் மேல் நுண்ணிய பூஞ்சைபோல் ஒரு படலம் நிற்கும். ஊதக்கூட வேண்டாம். "டீச்சர், காஞ்சிருச்சான்னு லேசா தொட்டுப் பார்க்கட்டுமா?" என்று ஒரு பெண் கேட்டாள். "தொடும்மா, தொட்ட இடத்துல உன் ரேகை வழுக்கையா நிக்கும், அதையே பொட்டா வெச்சுக்கோ" என்றேன். தொட்டாள். சொன்னபடியே நின்றது.

சூளைத் தட்டில் அலுமினா பூச்சு அவசியம், உருகிய சோடாக் கிளேஸ் எதைத் தொட்டாலும் பற்றிக்கொள்ளும். கம்பியைச் சின்னச் செங்கல் துண்டுகளின் மேல் தாங்கவையுங்கள். நீளம் 10 செ.மீ.க்குள் இருந்தால் சூட்டில் தொய்யாது. தாயத்துகள் ஒன்றையொன்று உரசக் கூடாது. மணிக்கு 100 டிகிரி செல்சியஸ் வீதம் ஏற்றி, 573 டிகிரியை ஒட்டி மெதுவாகக் கடக்கட்டும். அங்கே குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறி ஒரு தாவலாக விரியும். 950 டிகிரியில் பதினைந்து நிமிடம் நிறுத்தி அணைத்துவிடுங்கள். செம்பும் மாங்கனீஸும் போட்டிருப்பதால் அறையில் காற்றோட்டம் இருக்க வேண்டும், சூளைக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். எரிவாயுச் சூளை என்றால் காற்று தாராளமாகப் போகட்டும். ஆக்சிஜன் குறைந்தால் செம்பு நீலத்தை விட்டுச் செங்காவித் திட்டாகிவிடும். 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

திறந்ததும் குறைகளைப் படிக்கலாம். சொரசொரப்பாக, சுண்ணாம்பு பூசினதுபோல் மங்கி இருந்தால் சூடு போதவில்லை, இன்னும் 20 டிகிரி கூட்டுங்கள். கோடுகள் வழிந்து உரு தொய்ந்திருந்தால் 20 டிகிரி குறையுங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு என்றால் குற்றம் சூளையில் இல்லை, காயவைத்த இடத்தில்.

அதே பார்வையோடு அருங்காட்சியகத்துக்குப் போனால் பழைய பொருள்களும் பேசத் தொடங்கும். விளிம்பில் தடித்து, கிடந்த இடத்தில் வழுக்கை இருந்தால் அது உப்பு பூத்துச் சுட்டது. சொட்டும் வழிவும் தூரிகைத் தடமும் இருந்தால் கிளேஸைக் கரைத்துப் பூசியிருக்கிறார்கள். எங்குமே கிடந்த தடமில்லாமல் சுற்றிலும் ஒரே சீராக இருந்தால் மூன்றாவது முறையாக இருக்கலாம்: குவார்ட்ஸ் மணியைச் சாம்பலும் சுண்ணாம்பும் செம்பும் கலந்த பொடிக்குள் புதைத்துச் சுடுவது. ஈரானின் கும் நகரில் கழுதைகளுக்குக் கட்டும் நீல மணிகளை 1960களிலும் இப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு மிகுந்த பொடி மணியோடு ஒட்டாது. சுட்ட பிறகு உதிர்த்துவிட்டால் உள்ளேயிருந்து முழு நீல மணி வரும். பல பொருள்களில் முறைகள் கலந்தும் இருக்கின்றன, உறுதியாகச் சொல்ல நிபுணர்களே தயங்குவார்கள்.

ஃபேயான்ஸை ஏழைகளின் நீலக்கல் என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இறந்தவரோடு வைத்த மந்திரத் தொகுப்பான இறந்தோர் நூலின் மந்திரம் பாப்பிரஸ் தண்டுத் தாயத்தைப் பச்சை ஃபெல்ட்ஸ்பாரில் செய்யச் சொல்கிறது, கிடைத்திருப்பவற்றில் ஏராளம் ஃபேயான்ஸ். இதை மலிவு என்று படிக்கலாம். ஆனால் இரண்டாம் அமென்ஹோதெப் மன்னர் நக்காடாவின் சேத் கோயிலுக்குக் கொடுத்த இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட செங்கோலும் ஃபேயான்ஸ்தான், இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசன் தெய்வத்துக்குக் கொடுப்பதில் சிக்கனம் பார்த்திருப்பானா? அந்த மினுமினுப்பே வேண்டியிருந்தது.

கோப்பதற்கு மெழுகிட்ட லினன் நூல் எடுங்கள். துளையின் வாயில் கிளேஸ் விளிம்பு கூராக இருக்கும், வைரத்தூள் ஒட்டிய ஊசி அரத்தால் தண்ணீர் விட்டுத் தேய்த்தபின் கோத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நூலை அறுத்துவிடும். கண்ணுக்கு இருபுறமும் ஒரு முடிச்சு, பிறகு குழல் மணிகள், மணிக்கு மணி மோதாமல் நடுவே சின்ன வட்ட மணி. வியர்வையும் எலுமிச்சைச் சாறும் இந்த மென்மையான கிளேஸை மங்கவைக்கும், குளிக்கும்போது கழற்றிவிடுங்கள். செம்பு இருப்பதால் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்குக் கட்டாதீர்கள். முதுகில், காயவைப்பதற்கு முன்பே, உங்கள் பெயரின் முதல் எழுத்தையும் வருடத்தையும் கீறிவையுங்கள். எகிப்து 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டத்தால் தொல்பொருள் வணிகத்தையே நிறுத்திவிட்டது. பழையதென்று விற்க அலைகிறவர்கள் கையில் நம் கண் சிக்கினால், அந்தக் கீறல் காட்டிக்கொடுக்கும்.